நடுவயதிற் பளுதூக்கற் பயிற்சி

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பிள்ளைகளின் கல்வியையும் ஒழுக்கத்தையும் கருதி எழுந்த இவ்வுரையைக் காலப்போக்கில் மக்கள் உடலுக்கும் உரியதாக்கிக்கொண்டனர். நாற்பது வயதைக் கடந்த ஒருவர் ஓட முற்பட்டாலோ, பாரமான பொருளொன்றைத் தூக்க முற்பட்டாலோ, வீட்டிலுள்ளோர் இப்பழமொழியைச் சொல்லித் தடுப்பதுண்டு. அதிலும் அவர் எழுதுவினைஞராகவோ ஆசிரியராகவோ வணிகராகவோ இருபது முப்பது ஆண்டுகள் கதிரையில் அமர்ந்து தொழில் செய்தவராயின், 'இந்த வயதில் உங்களுக்கு ஏன் இந்த வேலை?' என்னும் வினா நாற்புறமிருந்தும் எழும்.

ஒழுக்கத்தைப் பொறுத்தவரை பழமொழி மெய்யாயிருக்கலாம். தசையைப் பொறுத்தவரை அது மெய்யன்று. ஐம்பதிலும் அறுபதிலும், ஏன், தொண்ணூறிலுங்கூட மனிதனுடைய தசை பாரத்துக்கு இசைந்து வளரும் என்பதை மருத்துவ ஆராய்ச்சி தெளிவாக நிறுவியுள்ளது. இரும்புத் தண்டின் இரு முனைகளிலும் வட்டத் தகடுகளைக் கோத்துத் தூக்கும் பயிற்சி, இளைஞருக்கும் போட்டி வீரருக்கும் மட்டும் உரியதன்று. நடுவயதினருக்கே அது பெரிதும் வேண்டப்படுவது. அது ஏன் வேண்டும், எவ்வாறு பயன் தருகிறது, எவ்வாறு தொடங்கத்தக்கது என்பனவற்றை முறையாக நோக்குதல் நன்று.

முதலில், இழக்கப்படுவது யாது என்பதை அறிதல் வேண்டும். மனிதனுடைய தசைவலிமை இருபதுகளிலும் முப்பதுகளிலும் உச்சநிலையை அடைகிறது. அதன்பின் பத்தாண்டுக்கு நூற்றுக்கு மூன்று முதல் எட்டு வரையான அளவில் தசை குறைந்துகொண்டு போகிறது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. அறுபது வயதுக்குப் பின் இவ்விழப்பு விரைவுபடும். தசையின் அளவு குறைவதிலும் பார்க்க அதன் வலிமை குறைவது இன்னும் விரைவாக நிகழும். 1989ஆம் ஆண்டிலே இர்வின் ரோசன்பேர்க் என்னும் அமெரிக்க அறிஞர் இந்நிலைக்குச் 'சார்க்கோப்பீனியா' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியிலே 'சார்க்ஸ்' என்பது தசையையும், 'பீனியா' என்பது வறுமையையும் குறிக்கும். தசை வறுமை என்று அதனைத் தமிழிற் சொல்லலாம்.

இவ்வறுமை ஒரே நாளில் வருவதன்று. அதனாலேதான் அது அறியப்படாமற் போகிறது. ஐம்பது வயதில் ஒருவர் மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பற்றத் தொடங்குகிறார். ஐம்பத்தைந்தில் தரையில் அமர்ந்து உணவருந்துவதைத் தவிர்க்கிறார். அறுபதில் கதிரையிலிருந்து எழுகையில் இரு கைகளையும் ஊன்றுகிறார். எழுபதில் குளியலறையிற் கால் இடறினால், உடலைத் தாங்கி நிறுத்தும் வலிமை தொடையில் இல்லாமையால் விழுகிறார். இடுப்பு மூட்டையடுத்த தொடை என்பு முறிகிறது. அதன்பின் அவர் பிறர் கையை எதிர்பார்த்து வாழ வேண்டியவராகிறார். ஒவ்வொரு படியிலும் 'வயது போய்விட்டது' என்று கூறி அமைதியடைவது மக்கள் இயல்பு. உண்மையில், போனது வயது மட்டுமன்று, வலிமையும் போயிற்று. வயதை மீட்டல் இயலாது. வலிமையைப் பெருமளவு மீட்டல் இயலும்.

முன்னாளில் இவ்விழப்பை ஓரளவு தடுத்து நின்றது நாளாந்த உழைப்பே. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களிலே துலா மிதித்து நீர் இறைத்தவர்களுக்கும், மண்வெட்டி பிடித்துத் தறை கொத்தியவர்களுக்கும், உரலில் நெல் குற்றி அம்மியில் அரைத்த பெண்களுக்கும் தனியே ஒரு தேகப்பயிற்சி வேண்டியிருக்கவில்லை. தமிழ்நாட்டின் தென் மாவட்டக் கிராமங்களில் 'இளவட்டக்கல்' என்னும் உருண்டைக் கல்லைத் தூக்கித் தோளுக்கு மேலாக எறிவது வாலிபரின் வலிமைக்கு அளவுகோலாக இருந்தது. இன்று நீரை இயந்திரம் இறைக்கிறது. மாவை ஆலை அரைக்கிறது. உடலைத் தேய்க்கும் கடும் உழைப்பிலிருந்து மனிதர் விடுதலை பெற்றமை நன்மையே. ஆயினும், அவ்வுழைப்பு தந்துகொண்டிருந்த வலிமையை வேறொரு வழியால் தேடிக்கொள்ளாவிடின், பெற்ற ஓய்வே பிணியாக முடியும்.

பாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி வலிமை பெறலாம் என்பது புதிய கருத்தன்று. கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டிலே, தென் இத்தாலியிலிருந்த குரோட்டன் என்னும் கிரேக்க நகரில் மைலோ என்றொரு மல்லன் வாழ்ந்தான். ஒலிம்பியாவில் ஆறு முறை வெற்றிவாகை சூடியவன் அவன். இளங்கன்று ஒன்றை அவன் நாள்தோறும் தூக்கிவந்தான் என்றும், கன்று வளர வளர அவனுடைய வலிமையும் வளர்ந்து, ஈற்றில் முழுக் காளையையே தூக்கினான் என்றும் ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. கதை எவ்வாறாயினும் அதனுள் அடங்கிய விதி மெய்யானது. உடலுக்கு வழக்கமானதிலும் சற்றுக் கூடிய பாரம் கொடுக்கப்படும்போது, அது அந்தப் பாரத்துக்குத் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்கிறது. ஆயத்தமான பின் இன்னும் சிறிது கூட்டலாம். 

கன்றிலும் கல்லிலும் இல்லாத ஒரு வசதி இரும்புத் தண்டில் உண்டு. கன்று தன் விருப்பப்படி வளரும். கல்லோ வளரவே மாட்டாது. தண்டிலே கோக்கப்படும் பாரத்தை வேண்டியபோது வேண்டிய அளவு கூட்டவும் குறைக்கவும் முடியும். 'பார்பெல்' எனப்படும் இத்தண்டு, ஆடவர் போட்டிகளில் 2.2 மீற்றர் நீளமும் 20 கிலோகிராம் எடையும் உடையது. மகளிர் தண்டின் எடை 15 கிலோகிராம். முனைகளிலுள்ள உருளைகள் தண்டைச் சுற்றித் தாமே சுழலக்கூடியனவாகையால், தகடுகள் சுழன்றாலும் கைகளும் மணிக்கட்டும் முறுக்குண்பதில்லை. தகடுகள் 25 கிலோகிராமில் இருந்து அரைக் கிலோகிராம் வரை பல எடைகளிற் கிடைக்கின்றன. இவ்வாறு பாரத்தை அளந்து கொடுக்கும் வசதியே இக்கருவியை மருந்துக்கு ஒப்பாக்குகிறது. அளவறிந்து கொடுக்கப்படுவதுதானே மருந்து!

இதனை மருந்தாகவே பயன்படுத்திக் காட்டியவர் தோமஸ் டிலோர்ம் என்னும் அமெரிக்க இராணுவ வைத்தியர். இளமையில் வாதக்காய்ச்சலால் நெடுநாள் படுக்கையிற் கிடந்த அவர், பளுதூக்கித் தம் உடலைத் தேற்றிக்கொண்டவர். இரண்டாம் உலகப் போரின் இறுதிக்காலத்தில், சிக்காகோ நகரிலிருந்த இராணுவ மருத்துவமனை ஒன்றிலே முழங்காலிற் காயமுற்ற போர்வீரர் பலர் அவருடைய பார்வையில் இருந்தனர். இத்தகையோருக்கு மெல்லிய பாரத்தைப் பன்முறை அசைக்கச் செய்வதே அக்காலத்து முறை. டிலோர்ம் அதை மாற்றினார். நோயாளர் பத்து முறை மட்டுமே தூக்கக்கூடிய பெரும்பாரம் எதுவென்று கண்டு, அதை அடிப்படையாகக் கொண்டு பயிற்சி கொடுத்து, வலிமை கூடக்கூடப் பாரத்தையும் கூட்டிவந்தார். மெலிந்திருந்த தொடைகள் எதிர்பார்த்ததிலும் விரைவாகத் தேறின. 1945ஆம் ஆண்டில் அவர் இம்முறையை மருத்துவ ஏடொன்றில் வெளியிட்டார். 1948இல் அவரும் வாட்கின்ஸ் என்னும் வைத்தியரும் அதனைச் செம்மைப்படுத்தினர்: அளவுப் பாரத்தின் பாதியைப் பத்து முறையும், முக்காற் பங்கைப் பத்து முறையும், முழுமையையும் பத்து முறையும் தூக்குதல் என்று மூன்று தொகுதிகளாக வகுத்தனர். இன்று உலகெங்கும் பயிற்சி நிலையங்களில் வழங்கும் தொகுதி முறைக்கு அவர்களின் இவ்வகுப்பு வழிகாட்டியாயிற்று.

ஆயினும் டிலோர்மிடம் வந்தவர்கள் இளைஞர்கள். வயது முதிர்ந்தோருக்கும் இது பொருந்துமா என்னும் வினா நெடுங்காலம் விடையின்றியே இருந்தது. முதியோர் பாரம் தூக்கினால் என்பு முறியும், இதயம் தாங்காது என்று வைத்தியர்களே அஞ்சினர். 1988ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரைச் சேர்ந்த ஆய்வாளர் குழுவொன்று, 60 முதல் 72 வயது வரையான ஆடவர் பன்னிருவருக்குப் பன்னிரண்டு வாரம் கடும் பாரப் பயிற்சி கொடுத்துப் பார்த்தது. அவர்களுடைய முழங்காலை நீட்டும் தசைகளின் வலிமை இரு மடங்காயிற்று. தசையின் பருமனும் கூடியிருந்தது. 1990ஆம் ஆண்டில் அதே நகரில், மரியா ஃபியாற்றரோன் என்னும் வைத்தியர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த, தொண்ணூறு வயதை அண்டிய பத்துப்பேரைத் தேர்ந்து, இயந்திரக் கருவிகளின் துணையுடன் எட்டு வாரம் பயிற்றினார். அவர்களின் கால்வலிமை சராசரி நூற்றுக்கு 174 பங்கு உயர்ந்தது, நடையும் விரைவுபட்டது. தொண்ணூறில் வளைவது ஐம்பதில் வளையாதோ?

தசைக்குக் கிடைக்கும் நன்மை இவ்வாறாக, என்புக்குக் கிடைக்கும் நன்மை வேறு. என்பு உயிரற்ற கட்டையன்று. தன்மீது சுமத்தப்படும் பாரத்துக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் உயிருள்ள உறுப்பு. ஜூலியஸ் வொல்ஃப் என்னும் ஜெர்மானிய சத்திரசிகிச்சை வல்லுநர் 1892இலேயே இவ்வுண்மையை விரித்துரைத்தார். பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் என்பின் அடர்த்தி விரைந்து குறைகிறது. இதற்குப் பளுதூக்கல் மருந்தாகுமா என்று அறிய, அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்திலே ஓர் ஆய்வு நடைபெற்றது. என்படர்த்தி குறைந்த 101 பெண்கள் அதிற் பங்குகொண்டனர்; அவர்களின் வயது அறுபதுகளை ஒட்டியது. ஒரு சாரார் வீட்டிலிருந்தபடி மெல்லிய பயிற்சி செய்தனர். மறுசாரார் வாரத்தில் இருமுறை, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம், பயிற்சியாளரின் நேரடிக் கண்காணிப்பில் தண்டிற் பாரம் ஏற்றித் தூக்கினர். முதல் மாதம் மெல்லிய பாரத்தில் முறையை மட்டும் கற்றனர்; பின்னரே பாரம் கூட்டப்பட்டது. எட்டு மாதங்களின் பின் அளந்தபோது, மெல்லிய பயிற்சி செய்தோரின் நாரி என்படர்த்தி நூற்றுக்கு 1.2 பங்கு குறைந்திருந்தது. பாரம் தூக்கியோருக்கு 2.9 பங்கு கூடியிருந்தது. அவர்களுள் என்பு முறிந்தவர் எவரும் இலர். ஒருவருக்கு நாரியில் ஏற்பட்ட சிறு பிடிப்பே நேர்ந்த தீங்கு. இம்முடிவுகள் 2018ஆம் ஆண்டில் அச்சேறின. என்பு நொய்ந்தவர் பாரம் தூக்கலாகாது என்னும் பழைய அச்சத்தை இவ்வாய்வு பெரிதும் அசைத்தது. எனினும், கண்காணிப்பும் படிமுறையும் இன்றி இப்பயன் கிட்டியதன்று என்பதை மறத்தலாகாது.

நீரிழிவு பரவிவரும் இக்காலத்திலே இன்னுமொரு நன்மையும் கருதத்தக்கது. உண்ட உணவிலிருந்து குருதியிற் சேரும் சீனியில் பெரும்பங்கை ஏற்றுச் சேமித்துவைக்கும் களஞ்சியம் தசையே. களஞ்சியம் சிறுத்தால் சீனி குருதியிலேயே தேங்கும். தசையைப் பேணுவோர் அக்களஞ்சியத்தை விரிவாக்குகின்றனர். பயன்படுத்தப்படும் தசை சீனியை எளிதாக உள்வாங்கவுஞ் செய்கிறது. இதனாலேயே உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலில், வளர்ந்தோர் யாவரும் நடை முதலிய பயிற்சிகளோடு, வாரத்தில் இரு நாளேனும் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் செய்தல் வேண்டும் என்று விதந்துரைத்தது. நாள்தோறும் மாலையில் நடப்பது நன்று. அது இதயத்துக்கு உகந்தது. ஆயினும் நடை மட்டும் தசையிழப்பைத் தடுக்கப் போதாது என்பதைப் பலர் அறியார்.

பாரம் தூக்கும்போது உடலினுள்ளே நிகழ்வது யாது? தசை தானாக இயங்குவதில்லை. மூளையிலிருந்து வரும் கட்டளையை நரம்புகள் கொண்டுவர, ஒவ்வொரு நரம்பும் தன் ஆட்சிக்குட்பட்ட தசைநார்க் கூட்டத்தைச் சுருங்கச் செய்கிறது. பயிற்சியற்ற ஒருவர் முழுமூச்சுடன் முயன்றாலும் தம்மிடமுள்ள தசைநார்கள் அனைத்தையும் ஒருங்கே பணிக்கு அழைக்கமாட்டார். பயிற்சியின் முதற் சில வாரங்களிற் பெறும் வலிமை பெரும்பாலும் இந்த அழைப்புத் திருந்துவதாலேயே வருகிறது. ஆகவே கை பருக்கவில்லையே என்று தொடக்கத்தில் ஏங்க வேண்டியதில்லை. வலிமை முன்னே செல்ல, பருமன் பின்னே வரும். விரைந்தும் வலிந்தும் சுருங்கும் ஒருவகைத் தசைநார்கள் பெரும்பாரத்தின்போதே முழுமையாகப் பணிக்கு வருவன. முதுமையில் முதலில் மெலிபவையும் அவையே. தடுக்கி விழும் கணத்தில் உடலைத் தாங்கிப் பிடிக்க உதவுபவையும் அவையே. மெல்லிய வேலைகளை மட்டும் செய்துவருவோருக்கு அவை பயிற்சியின்றிக் கிடந்து நலிகின்றன.

இனி, பயிற்சியின் வகைகளை நோக்கலாம். ஒலிம்பிக் போட்டிகளிற் காணப்படும் பளுதூக்கல், தண்டை ஒரே வீச்சில் தலைக்கு மேலே உயர்த்துவது போன்ற நுண்ணிய கலைகளைக் கொண்டது. அது அக்காலத்திலிருந்தே ஏதென்ஸ் நகரில் 1896இல் நடந்த முதற் போட்டியில் இடம்பெற்றது. பெண்களுக்கு 2000ஆம் ஆண்டிலே சிட்னியில் இடம் கிடைத்தது. நடுவயதிலே தொடங்குவோருக்கு அத்துணை விரைவும் வீச்சும் வேண்டியதில்லை. நான்கு எளிய அசைவுகள் போதும். முதலாவது, தண்டைத் தோளிற் பின்புறமாகத் தாங்கிக் குந்தி எழுதல். கதிரையிலிருந்தும் தரையிலிருந்தும் எழும் வலிமையை இது தரும். இரண்டாவது, நிலத்திற் கிடக்கும் தண்டை நாரி வளையாது பற்றி, நிமிர்ந்து நிற்றல். நீர் வாளியையும் அரிசி மூடையையும் தூக்கும் செயலை ஒத்தது இது. மூன்றாவது, தண்டைத் தோளிலிருந்து தலைக்கு மேலே உயர்த்துதல். நான்காவது, வாங்கில் மல்லாந்து படுத்துத் தண்டை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுதல். இந்நான்கும் உடலின் பெருந்தசைகள் யாவற்றையும் தொழிற்படுத்துவன. தனித்தனியே ஒவ்வொரு தசைக்கும் ஒவ்வொரு கருவியைத் தேடி அலைய வேண்டியதில்லை.

தொடங்கும் முறையிலேதான் பெரும்பாலோர் தவறிழைப்பர். பள்ளிக்காலத்தில் உதைபந்தாட்டக் குழுவில் இருந்த ஒருவர், முப்பது ஆண்டுகளின் பின்னும் மனத்திலே அவ்வாலிபராகவே இருப்பார். முதல் நாளிலேயே தகடுகளை அடுக்கித் தூக்கி, மறுநாள் படுக்கையை விட்டு எழமாட்டாமற் கிடந்து, பயிற்சியையே வெறுத்துவிடுவார். நடுவயதினர் முதலிற் செய்யத்தக்கது, தகடு எதுவும் இன்றி வெறுந்தண்டுடன் அசைவுகளைக் கற்றல். இருபது கிலோகிராமும் மிகையாயின் அதிலும் மெல்லிய தண்டு உண்டு. தும்புத்தடி ஒன்றைக் கொண்டுங்கூடக் கற்கலாம். குந்தும்போது முழங்கால்கள் உள்நோக்கிச் சாயாமலும், தூக்கும்போது முதுகு கூனாமலும் இருக்கின்றனவா என்பதைப் பழகிய பயிற்சியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லல் வேண்டும். தன் முதுகைத் தானே காண்பவர் எவருமிலர்.

அசைவு திருந்திய பின் பாரத்தைக் கூட்டலாம். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாட்கள் போதும். ஒவ்வொரு பயிற்சிக்கும் இடையில் ஒரு நாளேனும் ஓய்வு இருத்தல் நன்று. ஏனெனில், தசை வலிமை பெறுவது தூக்கும் வேளையிலன்று, தூக்கியபின் கொள்ளும் ஓய்விலேயே. ஒவ்வோர் அசைவையும் ஐந்து முதல் பத்து முறை வரை, மூன்று தொகுதிகளாகச் செய்யலாம். 20 கிலோகிராமிலே தொடங்கி வாரத்துக்கு இரண்டரைக் கிலோகிராம் கூட்டுபவர், பன்னிரண்டு வாரத்தின் பின் 50 கிலோகிராமைக் கையாள்வார். அது ஒரு மூடை அரிசியின் எடை. ஆயினும் இக்கணக்கை ஆண்டு முழுவதும் நீட்டினால் 150 கிலோகிராம் ஆகும். அது எல்லோருக்கும் இயல்வதன்று. ஒரு கட்டத்தில் வளர்ச்சி மந்தமாகும். அப்போது கூட்டும் அளவைக் குறைத்தும், மாதம் ஒருமுறை கூட்டியும், சிலவேளை பாரத்தைச் சற்றுத் தணித்து மீளத் தொடங்கியும் பொறுமையுடன் செல்லல் வேண்டும். நாள், பாரம், எத்தனை முறை என்பனவற்றை ஒரு கொப்பியில் எழுதிவைப்பவர், தம் முன்னேற்றத்தைக் கண்ணாற் காண்பார், அவசரப்படவும் மாட்டார். பக்கத்திலே தூக்கும் இருபது வயது வாலிபரோடு போட்டியிடுவது அறிவுடைமையன்று. சென்ற மாதத்துத் தம்மோடு போட்டியிடுவதே தக்கது.

வயது கூடியோருக்கு இன்னொரு வேறுபாடும் உண்டு. தசை சில வாரங்களில் வலுப்பெறும். தசையை என்போடு பிணைக்கும் நாண்களும் மூட்டுகளும் அத்துணை விரைவாக இசைவதில்லை. தசை 'இயலும்' என்று சொல்ல, மூட்டு 'பொறு' என்று சொல்லும். மூட்டின் சொல்லுக்கே செவிசாய்த்தல் வேண்டும். தொடக்கத்தில் இரண்டாம் நாளிலே தசையிற் பரவலாகத் தோன்றும் நோவு இயல்பானது. சில நாளில் அது தணியும். மூட்டிலே கூர்மையாகக் குத்தும் நோவும், கால்வழியே மின்னலெனப் பாயும் நோவும் அவ்வாறானவையல்ல. அவை தோன்றினால் நிறுத்தி வைத்தியரை நாடுதல் வேண்டும்.

பெரும்பாரத்தை மூச்சடக்கித் தூக்கும்போது குருதியமுக்கம் சில கணங்களுக்கு மிக உயரும். ஆகவே கட்டுப்படாத குருதியமுக்கம் உடையோரும், இதயநோய் உடையோரும், நீரிழிவினால் விழித்திரை பழுதுற்றோரும், குடலிறக்கம் உடையோரும் வைத்தியரைக் கேளாது தொடங்குதல் கூடாது. நோய் எதுவும் அறியாதவரும், நாற்பது வயதின் பின் ஒருமுறை குருதியமுக்கத்தையும் சீனியையும் சோதித்துக்கொள்வது நன்று. பயிற்சியின்போது நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றோ ஏற்பட்டால், அதனை வீரமாகப் பொறுத்துக்கொள்ளலாகாது. வீட்டிலே தனித்துப் பயிலுவோர், தண்டு நெஞ்சின்மேல் வீழ்ந்து அமுக்கும் இடருள்ள படுத்துத் தள்ளும் பயிற்சியைத் துணையாள் இன்றிச் செய்யாதிருத்தல் வேண்டும். இவை அச்சமூட்டுவதற்காகச் சொல்லப்படுவன அல்ல. நெருப்பை அஞ்சி யாரும் சமைக்காமல் இருப்பதில்லை. அதனைக் கையாளும் முறையைக் கற்றுக்கொள்கின்றனர்.

உணவைப் பற்றியும் ஒரு சொல் வேண்டும். வீடு கட்டக் கல்லும் மண்ணும் வேண்டுவதுபோலத் தசையைக் கட்டப் புரதம் வேண்டும். வயது கூடக்கூட உடல் புரதத்தைப் பயன்படுத்தும் திறன் குறைவதால், முதியோர் உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் அதனை உண்ணுதல் நன்று என்று வல்லுநர் கூறுவர். 60 கிலோகிராம் எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 60 கிராமேனும் ஆகிறது. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராமும், நூறு கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராமும் உண்டு. மரக்கறி உணவினர் பருப்பு, கடலை, பயறு, உழுந்து, பால், தயிர் ஆகியவற்றாற் பெறலாம். சோற்றை மலைபோற் குவித்துப் பருப்பைத் துளியாக ஊற்றும் வழக்கத்தைச் சற்று மாற்றினாற் போதும். விலையுயர்ந்த தகரப் பேணி மா வகைகள் இன்றியமையாதன அல்ல. சிறுநீரக நோய் உடையோர் மட்டும் வைத்தியர் குறித்த அளவை மீறலாகாது.

பெண்கள் பாரம் தூக்கினால் ஆண்களைப்போற் பருத்துவிடுவர் என்னும் எண்ணமும் பரவலாக உண்டு. தசையைப் பெரிதும் பருக்கச் செய்யும் ஓமோன் பெண்ணுடலில் மிகச் சிறிதளவே சுரப்பதால், அவ்வச்சத்துக்கு இடமில்லை. என்பு தேய்வு பெண்களையே மிகுதியாகத் தாக்குவதால், அவர்களுக்கே இப்பயிற்சி பெரிதும் உரியது என்பது மேலே கூறிய ஆய்வால் விளங்கும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரைச் சேர்ந்த ஏர்னெஸ்டைன் ஷெப்பர்ட் என்னும் மாது, 56ஆம் வயதிலேதான் தம் சகோதரியுடன் முதன்முதலாகப் பயிற்சி நிலையத்தினுள் அடியெடுத்துவைத்தார். சகோதரி சில காலத்தில் நோயுற்று மறைந்தார். துயரத்தால் பயிற்சியைக் கைவிட்ட அவர், பின்னர் மனந்தேறி மீண்டும் தொடர்ந்தார். 2010ஆம் ஆண்டில், போட்டிகளிற் பங்குபற்றும் பெண் உடற்கட்டு வீரருள் உலகிலேயே வயது முதிர்ந்தவர் என்று கின்னஸ் நூல் அவரைப் பதிவு செய்தது. அமெரிக்க உயர் நீதிமன்ற நீதியரசராயிருந்த ரூத் பேடர் கின்ஸ்பேர்க், 1999இற் புற்றுநோய்ச் சிகிச்சையால் மெலிந்த தம் உடலைத் தேற்றுவதற்காக 66ஆம் வயதிலே பயிற்சியாளர் ஒருவரிடம் பளுப் பயிற்சி பெறத் தொடங்கி, எண்பது வயது கடந்தும் அதனைத் தொடர்ந்தார். 2020இல் மறையும் வரை அவர் தம் பதவியில் இருந்தார்.

ஆயினும் எல்லோரும் மேடை ஏறவேண்டும் என்பதன்று இப்பயிற்சியின் நோக்கம். போட்டியை விரும்புவோருக்கு அதுவும் உண்டு. சர்வதேச வலுத்தூக்கற் சம்மேளனம் நாற்பது வயதுக்கு மேற்பட்டோருக்கெனத் தனிப் பிரிவுகளை வகுத்துப் போட்டி நடத்துகிறது. பெரும்பாலோர் வேண்டுவது அதனிலும் எளியது. பேரப்பிள்ளையைக் குனிந்து தூக்குதல். கோயில் வீதியைப் பிறர் துணையின்றி வலம் வருதல். பேருந்திலே பையுடன் ஏறுதல். நோயுற்ற துணைவரைப் படுக்கையிலிருந்து எழுப்பி இருத்துதல். தம் குளியலறைக்குத் தாமே செல்லுதல். இவை எழுபதிலும் எண்பதிலும் ஒருவருடைய மானத்தைக் காப்பன. பணத்தைப் பிற்காலத்துக்கெனச் சேமித்துவைப்போர் பலர். வலிமையையும் அவ்வாறே சேமிக்கலாம் என்பதை அறிந்தோர் சிலரே. பணத்தைப் பிள்ளைகளிடமிருந்தும் பெறலாம். வலிமையைப் பிறரிடமிருந்து கடன் வாங்க இயலாது.

நாணமே பலரைத் தடுக்கிறது. நரைத்த தலையுடன் வாலிபரிடையே சென்று வெறுந்தண்டைத் தூக்குவதைப் பிறர் பார்த்து நகைப்பரோ என்னும் நாணம் அது. முதல் வாரத்தில் அது கடினமாகவே இருக்கும். எழுத்தறியாத முதியவர் ஒருவர் சிறுவரோடு வாங்கில் அமர்ந்து அரிச்சுவடி பயில்வாராயின் உலகம் அவரை மதிக்கும். தன் உடலைப் பேணும் கல்வியை ஐம்பதிலே தொடங்குபவரும் அத்தகைய மாணவரே. அவர் முதலிற் கற்கவேண்டியது வெறுந்தண்டுடன் முறையாகக் குந்தி எழுதல். அதனை வைத்தியரின் சம்மதத்தோடும் நல்ல ஆசான் ஒருவரின் மேற்பார்வையோடும் இவ்வாரத்திலேயே தொடங்குபவர், அடுத்த ஆண்டு இதே நாளில் கதிரையிற் கையூன்றாது எழுந்து நிற்பார்.